நடக்கப் பழகியவர்கள்

ஆகஸ்ட் 15, காலை ஏழரை மணி. புதுச்சத்திரம் கடைவீதியில் பாதிக் கடைகள் இன்னும் ஷட்டரைத் தூக்கவில்லை. சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலைக்கு மட்டும் விடுமுறை கிடையாது. முட்டை அட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய லாரி ஒன்று போனது. பின்னாலேயே கோழித் தீவன மூட்டைகளோடு இன்னொன்று. கிழக்கே நைனாமலை துலக்கமாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் கொல்லிமலை மேல் மேகம் இறங்கியிருந்தது.

சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் இருந்தவர் காவலர். காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கடைக்காரர் புது பிளேடை உறையோடு இரண்டாக முறித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகினார். இடது கன்னத்திலிருந்து தொடங்கினார்.

"பந்தோபஸ்து எந்த ஸ்கூலுங்க சார்?"

"ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணுதானுங்க. ஒன்பதுக்குள்ள கொடி ஏத்திருவாங்க. அப்புறம் கிராமசபை."

கத்தி தாடைக்கு வந்ததும் பேச்சு நின்றது. அப்போதுதான் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். முன்னால் இரண்டு பெண் பிள்ளைகள் பெரிய கொடியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வந்தார்கள். மற்றவர்கள் சட்டையில் காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். ஒரு பையனுக்குக் குண்டூசி கிடைக்கவில்லை போலும். கொடியைப் பொத்தான் துளையில் செருகி, அது விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தான். அவர்கள் பாடிவந்தது நாமக்கல் கவிஞர் 1930 உப்பு யாத்திரைக்காக எழுதிய பாட்டு. இந்த மாவட்டத்தில் அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுக்காத பள்ளி இருக்க முடியாது. வழிநடைக்கென்றே எழுதிய பாட்டு என்பதால் அடி தானாக விழுகிறது. நாற்காலியில் இருந்த காவலரின் கால் பெருவிரல் அந்தத் தாளத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டை எழுதிய வெ. இராமலிங்கம் பிள்ளையும் காவல்துறைக் குடும்பத்தில் பிறந்தவர்தான். இங்கிருந்து தெற்கே, காவிரிக்கரை மோகனூரில், 1888-இல். அப்பா வெங்கடராமன் ஹெட் கான்ஸ்டபிள். மகன் ஓவியரானார். 1911-இல் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜுக்குத் தர்பார் நடந்தபோது, அரசரின் படத்தை வரைந்து கொடுத்துப் பதக்கம் பெற்றார். சர்க்காரோடு ஒட்டி வாழ்ந்திருந்தால் வாழ்நாள் முழுவதும் ஒரு குறையும் வந்திருக்காது. அந்தக் கைதான் 1930-இல் சர்க்காரின் சட்டத்தை மீற நடந்து போகிறவர்களுக்குப் பாட்டு எழுதியது. 1932-இல் அவரே சிறைக்குப் போனார். இது எனக்குச் சாதாரணச் செய்தியாகப் படவில்லை. வெறுப்பில் நடந்த போராட்டமாக இருந்திருந்தால், ஒரு ஹெட் கான்ஸ்டபிளின் மகன் அப்பாவின் காக்கிச் சட்டைக்கு எதிரே போய் நின்றிருக்கத்தான் முடியும். அகிம்சைப் போராட்டம் அவரை அப்பாவுக்கு எதிரியாக்காமலே சட்டத்துக்கு எதிரே நிறுத்தியது.

ஊர்வலம் கடையைத் தாண்டும்வரை கடைக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலருக்கு ஒரு கன்னம் வழவழவென்று, மறு கன்னம் நுரையோடு. அதைப் பார்த்ததும் வேதாரண்யத்து வைரப்பன் நினைவுக்கு வராமல் போகுமா?

1930 ஏப்ரல் 13, தமிழ் வருடப் பிறப்பு. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த அதே தேதி. திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் உப்பு அள்ளப் புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வரை சுமார் 150 மைல். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ற வெள்ளைக்காரர் கெட்டிக்காரர். தொண்டர்களைக் கைது செய்தால் அவர்கள் வீரர்களாகிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நடப்பவர்களைத் தொடாமல், சோறு போடுகிறவர்களைப் பிடிக்க முடிவு செய்தார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தந்தால் ஆறு மாதம் சிறை என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ஆம் பிரிவைக் காட்டித் தண்டோரா போட்டார். துண்டறிக்கை அடித்து ஊர் ஊராகக் கொடுத்தார்.

தஞ்சாவூர் ஜில்லாவில் வாசலுக்கு வந்தவனுக்குச் சோறு போடாதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? சோற்று மூட்டைகள் சாலையோரப் புளியமரக் கிளைகளில் தொங்கின. யார் கட்டித் தொங்கவிட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. தொண்டர்கள் போகும் வழியில் அண்டாக்கள் புதைத்து வைக்கப்பட்டிருந்தன என்றும், அந்த இடத்தை அடையாளம் சொல்ல ஓர் ஆள் முன்னாலேயே வந்து காதில் சொல்லிவிட்டுப் போவார் என்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சட்டம் போட்டவருக்கு எதிராக ஒருவரும் கையை ஓங்கவில்லை. ஆனால் ஒரு ஜில்லா முழுவதும் அவர் பேச்சைக் கேட்காமல் விட்டது.

வைரப்பன் வேதாரண்யத்து நாவிதர். போராட்டத்தை நசுக்க வந்த போலீசுக்குத் தொழில் செய்வதில்லை என்று தீர்மானித்திருந்தார். சாதாரண உடுப்பில் வந்து உட்கார்ந்த ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதியில்தான் தெரிந்தது, உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று. கத்தியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். மிரட்டியும் மசியவில்லை. நீதிமன்றத்துக்கு இழுத்துப் போனார்கள். மீதியைச் சிரைத்துவிடு என்று அங்கே சொன்னபோதும் மறுத்து, ஆறு மாதச் சிறையை ஏற்றுக்கொண்டார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது.

இந்தக் கதையைச் சிரிப்புக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிக்கத் தோன்றியதே இல்லை. கையில் கூர்மையான கத்தி. கத்தியின் கீழே எதிராளியின் கழுத்து. அந்த நிலையில் ஒரு மனிதர் செய்தது என்ன? கத்தியை மடித்தார். அகிம்சை என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த ஒரு அசைவைத்தான் காட்டுவேன். ஆயுதம் இல்லாதவனின் கையாலாகாத்தனம் என்று அதைச் சொல்கிறவர்களுக்கு வைரப்பனின் கத்தியை விடப் பெரிய பதில் வேண்டியதில்லை.

இங்கே, புதுச்சத்திரத்தில், கடைக்காரர் காவலரின் வலது கன்னத்தையும் முடித்துப் படிகாரத்தைத் தேய்த்தார். காவலர் பணத்தை எடுத்து நீட்டினார். "இன்னிக்கு வேண்டாமுங்க சார்" என்றார் கடைக்காரர். காவலர் நோட்டைக் கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்தது என் முறை. எனக்குப் பின்னால் வந்த ஒரு பெரியவருக்கு அந்த இடத்தை விட்டுக் கொடுத்தேன். எண்பதை ஒட்டிய வயது. வெள்ளை வேட்டி, தோளில் கதர்த் துண்டு. கூடவே ஒரு பேத்தி, ஐந்தாம் வகுப்பு இருக்கும். பள்ளியில் பேசவேண்டிய பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாரு முகம் மழிப்பதற்குள் மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தாள். காந்தி, தண்டி, 1930 மார்ச் 12, எழுபத்தெட்டுப் பேர், ஏப்ரல் 6. அங்கே வந்து ஒவ்வொரு முறையும் நின்றுபோனது.

"அப்பாரு, நீங்க சுதந்திரத்துக்கு ஜெயிலுக்குப் போனீங்களா?"

"நான் அப்போ கைக்கொழந்தை அம்முணி. எங்காத்தா நூல் நூத்தாங்க. சிட்டம் சிட்டமாச் சுத்திக் கொண்டுபோயி ஆசிரமத்துல போட்டுட்டுக் கூலி வாங்கியாருவாங்க. மழை இல்லாத வருசம் அதுலதான் அடுப்பு எரிஞ்சுது."

"அது சுதந்திரப் போராட்டமா?"

பெரியவர் பதில் சொல்வதற்குள் கடைக்காரர் நுரையை உதட்டு வரைக்கும் தடவிவிட்டார். கேள்வி அப்படியே நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வட்டாரத்தின் பெருமை என்று நான் நம்புகிறேன்.

அவர் சொன்ன ஆசிரமம் புதுச்சத்திரத்துக்கு மேற்கே, திருச்செங்கோடு வட்டத்துப் புதுப்பாளையத்தில் இருக்கிறது. சேலத்தில் பேர்போன வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சியின் தலைவராகவும் இருந்த ராஜாஜி, தொழிலை விட்டுவிட்டு அந்த வறண்ட மண்ணில் குடிசை போட்டு உட்கார்ந்தார். 1925 பிப்ரவரி 6-ஆம் தேதி காந்தி ஆசிரமம் தொடங்கியது. புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் கொடுத்தார். திறந்து வைத்தவர், அன்று காங்கிரசில் இருந்த ஈ.வெ. ராமசாமி. அடுத்த மாதமே காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

தண்டி யாத்திரைக்கு ஐந்து வருடம் முன்பு அது. அங்கே முழக்கம் இல்லை, மறியல் இல்லை. பஞ்சு கொடுத்து நூல் வாங்கினார்கள், கைத்தறியில் நெய்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கள்ளுக்கடைப் பக்கம் போகிறவர்களிடம் பேசினார்கள். தாழ்த்தப்பட்ட சாதியினரையும் ஆசிரமத்தில் ஒன்றாக வைத்திருந்தார்கள் என்பதற்காகச் சுற்றுப்புறத்து ஊர்க்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலமும் இருந்தது. அதையும் பொறுமையாக உட்கார்ந்து கரைத்தார்கள். மதுவிலக்குக்கென்றே ராஜாஜி 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதைப் பார்த்துக்கொள்ள வந்த இளைஞர் பின்னாளைய கல்கி. பத்தே இதழ்கள்தான் வந்தன. உப்புப் போராட்டம் வந்துவிட்டது.

அந்தக் குடிசையிலிருந்து எழுந்து போனவர்தான் திருச்சியில் தொண்டர்களுக்கு முன்னால் நின்றார். ஐம்பத்தொரு வயது, மெலிந்த உடம்பு. பதினைந்து நாள் சித்திரை வெயிலில் நடந்து, ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளிக் கைதானார். நடந்தது பதினைந்து நாள் என்றுதான் புத்தகங்கள் எழுதுகின்றன. நான் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களின் நடை புதுப்பாளையம் போன்ற இடங்களில் ஐந்து வருடம் முன்பே தொடங்கிவிட்டது. தடியடி விழும்போது கையைத் தூக்காமல் நிற்க ஒரு நாளில் யாராலும் முடியாது. தினம் ராட்டையின் முன் உட்கார்ந்து, அறுந்த நூலை எரிச்சல் படாமல் முடிச்சுப் போட்டுப் பழகிய கை வேண்டும். தன்னை வெறுக்கிற ஊருக்கு நாள் தவறாமல் மருந்து கொடுத்துப் பழகிய மனசு வேண்டும். பெரியவரின் ஆத்தா கொண்டுபோய்ப் போட்ட சிட்டத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் எழுதுகிற வரலாறு அரைகுறை வரலாறு.

இன்னும் பின்னால் போனாலும் சேலம்தான் வருகிறது. 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். அங்கேதான் காங்கிரஸ் தன் குறிக்கோளை மாற்றி எழுதியது: நியாயமான, அமைதியான வழிகளில் சுயராஜ்யம் அடைவது. அவர் 1882-இல் சேலத்தில் நடந்த மதக் கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டு, பத்து வருடத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர். கலவரத்தின் பழியைச் சுமந்து பார்த்த மனிதர் தலைமையில் அமைதி வழி என்ற சொல் தேசத்தின் குறிக்கோளில் ஏறியது. பக்கத்து ராசிபுரம் டாக்டர் வரதராஜுலு நாயுடுவைத் தந்தது. 1918-இல் மதுரையில் அவர் மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது வாதாடப் போனவர் ராஜாஜி. இவர்கள் எல்லாரும் இந்தச் சாலையின் இரு பக்கத்திலும் வாழ்ந்தவர்கள். சோளமும் கடலையும் விளைகிற மானாவாரிக் காட்டு ஊர்களிலிருந்து போனவர்கள்.

அகிம்சை ஒன்றுதான் விடுதலையை வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் உலகப்போர் பிரிட்டனின் முதுகை முறித்தது. 1946-இல் பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். நேதாஜியின் படையில் மலாயாவிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சிந்திய ரத்தத்தைக் குறைத்துப் பேசுவது பாவம். 1942-இல் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. விடுதலையோடு வந்த பிரிவினையில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். எல்லாம் உண்மை. ஆனால் துப்பாக்கி தூக்கும் போராட்டத்தில் நூல் நூற்கிற ஒரு தாய்க்கு என்ன வேலை இருந்திருக்கும்? வைரப்பனுக்கு? புளியமரத்தில் சோற்று மூட்டை கட்டியவருக்கு? வயது, உடல்பலம், சாதி, படிப்பு எதையும் கேட்காமல் எல்லாரையும் உள்ளே விட்ட ஒரே வாசல் இதுதான்.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 போராட்ட இயக்கங்களை எடுத்து அலசி, 2011-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதம் வென்றன. அமைதி வழியில் போனவற்றில் 53 சதவீதம். அவர்கள் சொல்லும் முக்கியக் காரணம், அமைதிப் போராட்டத்தில் அதிகம் பேர் சேர முடிகிறது என்பது. வேதாரண்யத்துக்காரர்களுக்கு இதற்கு ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

கடைக்கு வெளியே வந்து சாலையோரம் நின்றேன். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற சாலை இது, தேசிய நெடுஞ்சாலை 44. அதன் நீளத்தை நினைத்தபோது வேறொரு நீளம் நினைவுக்கு வந்தது. எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா என்ற மூன்று சின்ன நாடுகளில், 1989 ஆகஸ்ட் 23 அன்று, ஏறத்தாழ இருபது லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டு 600 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட மனிதச் சங்கிலி. கன்னியாகுமரியில் ஒருவர் நின்று கையை நீட்டினால், மதுரை, கரூர், நாமக்கல், இந்தப் புதுச்சத்திரம், சேலம் என்று ஓசூர் வரைக்கும் அறாமல் போகிற தூரம். இரண்டே வருடத்தில் மூன்று நாடுகளும் விடுதலை பெற்றன. அங்கும் கூடிக் கூடிப் பாடினார்கள். அவர்கள் பாட்டு என்னவென்று நமக்குத் தெரியாது. ஆனால் எதிரே டாங்கி இருக்கும்போது எதற்காகப் பாடினார்கள் என்பது மோகனூர்க் கவிஞருக்குத் தெரிந்திருக்கும்.

பதினோரு மணிக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றின் கிராமசபைக்குப் போனேன். ஆகஸ்ட் 15 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூட வேண்டும். மாரியம்மன் கோயில் திடலில் துணிப்பந்தல். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். பின்னால் தரைவிரிப்பில் பெண்கள். பாதிப்பேர் நூறு நாள் வேலைக்காரர்கள். காலையில் முகம் மழித்துக்கொண்ட காவலர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பலருக்குக் காதில் விழவில்லை. மிட்டாய் வந்தது. கூட்டம் கலைகிற நேரம்.

அப்போது ஒரு அம்மா எழுந்து நின்றார். அறுபது இருக்கும். நூல் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. "எங்க காலனிக்கு ஆத்துத்தண்ணி பைப்பு போட்டுத் தாரோம்னு போன கூட்டத்துல சொன்னீங்க. எழுதுனீங்களான்னு பாருங்க."

"உட்காருங்கம்மா, பாக்கறோம்."

அவர் உட்காரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் எழுந்து அவரோடு நின்றாள். பிறகு இன்னும் மூன்று பேர். பிறகு அந்தத் தரைவிரிப்பின் ஒரு பக்கம் முழுவதும் எழுந்துவிட்டது. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். மேடைமேல் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி ஏதோ சொல்ல வந்து, அத்தனை பேரும் நிற்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். காவலர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் நகர்வதற்கு அங்கே ஒரு காரணமும் இல்லை.

பழைய தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். பக்கம் புரட்டினார்கள். இல்லை. இப்போது எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். எழுதுகிறவர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கியதும் சிலர் உட்காரப் போனார்கள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதுனதை மைக்குல படிங்க."

படித்தார். காலனியின் பேர் விட்டுப்போயிருந்தது. பேரைச் சொன்னார். சேர்த்து எழுதி மறுபடி படித்தார்.

"தேதி?"

"இன்னிக்குத் தேதிதானுங்கம்மா."

"அதையுந்தான் படிங்க."